பாலை மணலும் படைவீரன் பூட்ஸும்

(நமது முன்னாள் மாணவர் சங்கத்தின் ஆண்டுச் சந்திப்பில், கே.கே. நகரில், நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



"உன் தொழிலைப் பத்தி இருபது நிமிஷம் பேசுப்பா" என்று செயலாளர் அண்ணன் சொன்னார். என் தொழில் என்ன என்று பல பேருக்குத் தெரியாது. மெக்கானிகல் முடித்துவிட்டுப் பதினான்கு வருஷமாக ஷூவின் அடிப்பாகத்துக்கு அச்சு வடிவமைத்துக்கொண்டிருக்கிறேன். எனக்குப் பெண் பார்த்த சமயத்தில், "பையன் இன்ஜினீயர்" என்பதோடு எங்கள் அம்மா நிறுத்திக்கொள்வார். எந்த இன்ஜினீயர் என்று யாராவது கேட்டால் காபி எடுத்துவர உள்ளே போய்விடுவார்.

பொதுவாக ஷூவைப் பற்றிப் பேசினால் நீங்கள் சாப்பாட்டு மணியை எதிர்பார்க்க ஆரம்பித்துவிடுவீர்கள். ஆகையால் எங்கள் தொழிலிலேயே கஷ்டமான கேள்வி ஒன்றை எடுத்துக்கொண்டு வந்திருக்கிறேன். பாலைவனத்தில் சண்டைக்குப் போகிற சிப்பாய் காலில் என்ன போட்டுக்கொள்வது?

சென்னையில் உட்கார்ந்துகொண்டு பாலைவனத்தைப் பற்றி என்ன பேச்சு என்று நினைக்க வேண்டாம். சாத்தான்குளம் பக்கம் தேரிக்காட்டில் சித்திரை மாத நண்பகலில் நடந்தவர்கள் இந்த அவையில் நாலு பேராவது இருப்பீர்கள். அந்தச் செம்மண்ணில் ஒரு பர்லாங் நடந்தால் கெண்டைக்கால் என்ன சொல்லும் என்று அவர்களுக்குத் தெரியும். மணலில் நடக்க எவ்வளவு சக்தி செலவாகிறது என்று 1998-ல் ஓர் ஆராய்ச்சி வெளிவந்தது. கெட்டித் தரையில் அதே வேகத்தில் நடப்பதைப்போல 2.1 முதல் 2.7 மடங்கு வரை என்று கணக்குக் கொடுத்தார்கள். நாம் தள்ளுகிற சக்தியில் பெரும் பங்கு மணலைத் தள்ளுவதிலேயே போய்விடுகிறது. இதற்கு மேல் முதுகில் மூட்டை, கையில் துப்பாக்கி. காலில் ஏறுகிற ஒரு கிலோ முதுகில் ஏறுகிற ஐந்து கிலோவுக்குச் சமம் என்று ராணுவத்தில் ஒரு பழைய கணக்கு உண்டு. சோதனைச்சாலையில் அளந்து பார்த்தபோதும் கிட்டத்தட்ட அப்படித்தான் வந்தது.

அடுத்தது சூடு. ராஜஸ்தானில் பலோடியில் 2016 மே 19 அன்று 51 டிகிரி செல்சியஸ் பதிவாயிற்று. அது நிழலில் இருக்கும் காற்றின் சூடு. வெயிலில் கிடக்கும் மணலின் மேல்பரப்பு 60-ஐச் சாதாரணமாகத் தாண்டும், 70-ஐயும் தொடும். சிப்பாயின் கால் அந்த மணலுக்கு மேலே இரண்டு சென்டிமீட்டர் உயரத்தில், மூடிய தோல் பெட்டிக்குள், நாள் முழுக்க இருக்கிறது. இரண்டு பாதங்களிலும் சேர்த்துச் சுமார் இரண்டரை லட்சம் வியர்வைச் சுரப்பிகள் உண்டு என்பார்கள். வெளியே பொட்டு ஈரம் கிடையாது, பூட்ஸுக்குள்ளே மட்டும் ஐப்பசி மாதம்!

எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற சுபேதார் ஒருவர் இருக்கிறார். மெட்ராஸ் சாப்பர்ஸ் படைப்பிரிவில் இருந்தவர். 2001 டிசம்பரில் தொடங்கி 2002 அக்டோபர் வரை நம் படைகள் எல்லையில் நின்றனவே, ஆபரேஷன் பராக்ரம், அப்போது பார்மர் பக்கம் கண்ணிவெடி புதைக்கிற, எடுக்கிற வேலையில் இருந்தார். சிவன் பூங்காவில் காலை நடைக்கு வருவார். என் தொழில் தெரிந்த நாளிலிருந்து அவருக்கு என்னைக் கண்டால் விட மனசு வராது.

"பூட்ஸுக்குள்ள மணல் வருதேன்னு நாங்க கவலைப்பட்டதே இல்ல தம்பி. வந்தது வெளிய போக மாட்டேங்குதே, அதான் கவலை."

இந்த ஒரு வாக்கியத்தை அவர் சொன்ன பிறகுதான் நான் பழைய சமாசாரங்களை எல்லாம் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். வியர்வையில் ஊறின தோல், அதன் மேல் காலுறை, நடுவில் மணல். உப்புத்தாள் வைத்துத் தேய்ப்பது மாதிரிதான். முதலில் சிவக்கும், அப்புறம் கொப்புளம், அப்புறம் அது உடையும். எதிரி ஒரு குண்டுகூடச் சுட வேண்டாம், ஓர் ஆள் கணக்கில் குறைந்துவிடுவான். கண்ணிவெடி வயலில் முட்டி போட்டு வேலை செய்கிறவன் "கால் எரியுது" என்று நடுவில் பூட்ஸைக் கழற்ற முடியுமா? சுபேதார் சார் சொல்கிற வழிகள் எளிமையானவை. இரண்டு ஜோடி பூட்ஸை மாற்றி மாற்றிப் போட வேண்டும். மத்தியானம் காலுறை மாற்ற வேண்டும். அரை அளவு பெரிதாக வாங்க வேண்டும், ஏனென்றால் சாயங்காலம் கால் வீங்கும். காலையில் கவிழ்த்துத் தட்டாமல் போடக்கூடாது, தேள் இருக்கும். கூடாரத்துக்கு வந்ததும் பூட்ஸைக் கழற்றி கேன்வாஸ் பி.டி. ஷூவை மாட்டுகிற நேரம்தான் தினமும் தீபாவளியாம். 1962-ல் இமயமலைப் பனியில் கேன்வாஸ் ஷூவோடு நின்று நம் ஜவான்கள் பட்ட பாட்டை நாடே பேசியது. அதே கேன்வாஸ் ஷூ, மணல் நாட்டில் சாயங்கால வேளையில் சொர்க்கம். இடம் மாறினால் குணம் குற்றமாகும், குற்றம் குணமாகும். இந்தக் கதை முழுக்க அதுதான் திரும்பத் திரும்ப நடக்கிறது.

முதலில் தோலைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அங்கேதான் நம் ஊர் வருகிறது. பெரியமேட்டுத் தோல் மண்டிகள் உங்களுக்குத் தெரியும். நம் நாட்டு மாடு உருவத்தில் சிறிது, தோலும் சிறிது, மெல்லிசு. ஆவாரம்பட்டையில் ஊறவைத்து, கடுக்காய் சேர்த்துப் பாதி பதனிட்டுக் கப்பலேற்றுவார்கள். லண்டன் சந்தையில் அதற்கு 'ஈஸ்ட் இண்டியா கிப்' என்று பெயர். முதல் உலகப் போர் வந்ததும் பிரிட்டிஷ் ராணுவத்துக்கு பூட்ஸின் மேல்பாகத்துக்கு இந்தத் தோல்தான் சரி என்றாகி, அரசாங்கமே வாங்கி அனுப்ப ஆரம்பித்தது. மெசபடோமியா மணலில் நடந்த பூட்ஸ்களில் நம் ஆவாரம்பட்டை வாசனை கட்டாயம் இருந்திருக்கும். பொங்கலுக்குக் காப்புக் கட்டுகிற ஆவாரம்பூச் செடிதான், வேறொன்றுமில்லை.

ஆவாரம்பட்டைத் தோலுக்கு ஒரு குறை உண்டு. ஈரமும் சூடும் சேர்ந்தால் எண்பது டிகிரி வாக்கில் சுருங்கிவிடும். குரோமியம் உப்பில் பதனிட்ட தோலைக் கொதிக்கிற தண்ணீரில் போட்டாலும் சுருங்காது. இந்த குரோம் முறையைச் சென்னைக்குக் கொண்டுவந்தவர் ஆல்பிரட் சாட்டர்டன். அவர் தோல் வியாபாரி அல்ல, கிண்டி பொறியியல் கல்லூரிப் பேராசிரியர்! 1903 வாக்கில் அவர் சோதனையைத் தொடங்கியது பூட்ஸுக்காகவும் அல்ல. கவலை ஏற்றத்தில் கிணற்றுத் தண்ணீர் இறைக்கும் தோல் பை சீக்கிரம் அழுகிவிடுகிறதே, அதற்கு என்ன வழி என்று பார்த்தார். விவசாயியின் கிணற்றடியில் ஆரம்பித்த வேலை சிப்பாயின் கால்வரைக்கும் போனது. பிறகு பல்லாவரம் பக்கம் வந்த குரோம் லெதர் கம்பெனியால்தான் குரோம்பேட்டைக்கு அந்தப் பெயர். தினமும் மின்சார ரயிலில் அந்த ஸ்டேஷனைத் தாண்டிப் போகிற தம்பிகளில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

இதில் பெருமைப்பட்டுக்கொண்டே போகவும் முடியாது. அந்த குரோமியத்துக்கும் தோல் கழிவுகளுக்கும் பாலாற்றங்கரை கொடுத்த விலை உங்களுக்குத் தெரியும். வேலூர் மாவட்டத்துத் தோல் ஆலைகள் வழக்கில் 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்ல வேண்டியிருந்தது. எங்கோ ஒரு ராணுவத்தின் கால் சுடாமல் இருக்க, இங்கே ஒரு கிணறு உப்பாகிற கணக்கு எனக்கு நியாயமாகப் படவில்லை. அது தனிப் பேச்சு. பூட்ஸுக்கு வருகிறேன்.

பிரிட்டிஷ்காரர்களின் பழைய 'அம்யூனிஷன் பூட்ஸ்' கனமான தோல் அடிப்பாகம் கொண்டது. அடியில் வரிசையாக இரும்பு ஆணி, முனையில் இரும்புத் தகடு, குதிகாலில் லாடம். அந்தக் காலத்துப் போலீஸ்காரர் தெருமுனையில் வரும்போதே சத்தம் கேட்குமே, அந்த வகை. சேற்றுக்கும் கல் தரைக்கும் அது நல்லது. சுடுமணலில் ஒவ்வொரு ஆணியும் ஒரு சூட்டுக்கோல். டாங்கியின் இரும்பு மேல் ஏறினால் வழுக்கும். ஆனாலும் இரண்டாம் உலகப் போரில் வட ஆப்பிரிக்காவில் பெரும்பாலான வீரர்கள் இதைத்தான் மாட்டிக்கொண்டு நடந்தார்கள். அங்கே சண்டையிட்ட நான்காவது இந்திய டிவிஷனில் மெட்ராஸ் சாப்பர்ஸின் 12-வது ஃபீல்டு கம்பெனியும் இருந்தது. நம் ஊர்ப் பக்கத்து ஆட்கள், பலர் ராணுவத்துக்கு வரும்வரை செருப்புகூடப் போட்டுப் பழகாதவர்கள்.

அதே வட ஆப்பிரிக்காவில் ஒரு சின்னக் கூட்டம் மட்டும் வேறு மாதிரி யோசித்தது. 1940-ல் ரால்ஃப் பேக்னால்டு என்கிற அதிகாரி, எதிரிக்குப் பின்னால் பாலைவனத்துக்குள் லாரிகளில் போய் வேவு பார்க்கும் படை ஒன்றை உண்டாக்கினார். 'லாங் ரேஞ்ச் டெசர்ட் குரூப்' என்று பெயர். பேக்னால்டும் நம்ம ஜாதிதான், இன்ஜினீயர். மணல் காற்றில் எப்படிப் பறக்கிறது, மேடு எப்படி உண்டாகிறது என்று 1941-ல் அவர் எழுதி வெளியிட்ட புத்தகம் இன்றைக்கும் ஆராய்ச்சியாளர்கள் கையில் இருக்கிறது. மணலைப் புரிந்துகொண்ட அந்தக் கூட்டம் காலில் மாட்டியது என்ன தெரியுமா? இந்தியாவின் வடமேற்கு எல்லைப்புறத்துச் சப்பல்! பட்டாணியர்கள் போடுகிற, குறுக்கே பட்டை போட்ட, கனத்த அடிப்பாகமுள்ள திறந்த செருப்பு. மணல் வரும், ஓர் உதறு உதறினால் போய்விடும். சுபேதார் சார் சொன்னது ஞாபகம் வருகிறதா? அறுபது வருஷத்துக்கு முன்பே ஒருத்தர் அதற்கு விடை கண்டுபிடித்திருக்கிறார். அதுவும் அவர் புதிதாக ஒன்றும் செய்யவில்லை, ஓர் ஊர்க்காரன் செருப்பை எடுத்துக்கொண்டார், அவ்வளவுதான். முள் குத்தும், ராத்திரி குளிரில் விரல் விறைக்கும் என்கிற குறைகள் இருந்தன. லாரியில் போகிறவனுக்கு அது ஒத்துவரும். ஒரு நாளைக்கு முப்பது கிலோமீட்டர் நடக்கிற காலாட்படைக்காரனுக்கு ஒத்துவராது.

அதிகாரிகள் சிலர் கெய்ரோ கடைத்தெருவில் தங்களுக்கென்று கணுக்கால் உயர மெத்தென்ற ஸ்வேட் பூட்ஸ் செய்து வாங்கிக்கொண்டார்கள். ராணுவம் கொடுத்தது அல்ல, சொந்தக் காசு. 1941-ல் பர்மாவில் இருந்த நேதன் கிளார்க் அதைச் சக அதிகாரிகள் காலில் பார்த்து ஊருக்கு எழுதினார். அவர் வீட்டார் கிளார்க்ஸ் ஷூ கம்பெனிக்காரர்கள். 1950-ல் 'டெசர்ட் பூட்' என்று கடைக்கு வந்தது. இன்றைக்கு அதைப் போட்டுக்கொண்டு தி. நகர் ரங்கநாதன் தெருவில் நடக்கிறவர்கள்தான் அதிகம். பாலைவனத்தைவிட அங்கே கால் வைக்கத்தான் தைரியம் வேண்டும்.

அமெரிக்கர்கள் கதை இன்னும் சுவாரசியமானது. வியட்நாமில் அவர்களுக்கு இரண்டு பிரச்சினை. காலடியில் தண்ணீர், புதரில் நட்டு வைத்த கூர்மூங்கில். அதற்காக 'ஜங்கிள் பூட்ஸ்' செய்தார்கள். உட்பக்கம் தண்ணீர் வடிய இரண்டு துளை, அடிப்பாகத்துக்குள் ஓர் இரும்புத் தகடு. அருமையான வடிவமைப்பு. 1990-ல் குவைத் பிரச்சினைக்காக சவுதி அரேபியாவில் போய் இறங்கியபோது பலரிடம் இருந்தது அதுவும், கறுப்புத் தோல் பூட்ஸும்தான். தண்ணீரை வெளியே விட வைத்த துளை மணலை உள்ளே விட்டது. மூங்கிலைத் தடுக்க வைத்த இரும்பு தோசைக்கல்லாகிவிட்டது. அடுத்து வந்த பாலைவன பூட்ஸில் துளையை அடைத்தார்கள், தகட்டை எடுத்தார்கள். தோலின் சொரசொரப்பான உள்பக்கத்தை வெளியே திருப்பிவைத்து, மணல் நிறம் கொடுத்தார்கள். கறுப்பு வெயிலை உறிஞ்சும், பாலிஷ் தோலின் துவாரத்தை அடைக்கும். சொரசொரப்பு இருந்தால் பாலிஷே வேண்டாம். அணிவகுப்பில் முகம் பார்க்கிற மாதிரி பளபளக்கிற பூட்ஸ் பாலைவனத்துக்கு லாயக்கில்லை என்று ஒரு ராணுவம் ஒத்துக்கொள்வது சின்ன விஷயமா?

பிரிட்டிஷ்காரர்களுக்கு 2001-ல் ஓமனில் பாடம் கிடைத்தது. 'சைஃப் சரீயா 2' என்ற போர்ப் பயிற்சியில் 20,000 பேருக்கு மேல் கலந்துகொண்டார்கள். அந்த வெயிலில் பூட்ஸ் உருகிற்று என்று அவர்கள் நாட்டுத் தணிக்கை அலுவலகமே அறிக்கையில் எழுதியது. அதற்கப்புறம் 2003-ல் ஈராக் போனபோதும் பாலைவன பூட்ஸ் எல்லோருக்கும் போதவில்லை என்று மறுபடி ஒரு தணிக்கைக் குறிப்பு.

பூட்ஸ் எப்படி உருகும்? மாணவர்கள் கொஞ்சம் கவனியுங்கள், இது பரீட்சைக்கும் வரும். அடிப்பாகத்துக்குப் போடுகிற பொருள்களில் இரண்டு ஜாதி. ஒன்று வெல்லப்பாகு மாதிரி, சூடாக்கினால் இளகும், ஆறினால் இறுகும், மறுபடி சூடாக்கினால் மறுபடி இளகும். இன்னொன்று இட்லி மாதிரி. ஒரு தடவை வெந்துவிட்டால் எத்தனை சூடு பண்ணினாலும் திரும்ப மாவாகாது. கந்தகம் சேர்த்து வேகவைத்த ரப்பர் இட்லி ஜாதி. விலை குறைந்த தெர்மோபிளாஸ்டிக் அடிப்பாகம் வெல்லப்பாகு ஜாதி, 60, 70 டிகிரியிலேயே தளர ஆரம்பிக்கும். பசையும் அப்படித்தான். தொழிற்சாலையில் அடிப்பாகத்தை ஒட்டுவதற்காக நாங்களே பசையை 60, 70 டிகிரிக்குச் சூடாக்கித்தான் அழுத்துகிறோம். அதே சூடு பாலைவன மணலில் இலவசமாகக் கிடைக்கிறது. ஒட்டினது பிரியாமல் என்ன செய்யும்?

நம் ராணுவத்தில் வெகுநாள் வழக்கமாக இருந்த உயரக் கணுக்கால் பூட்ஸ் 'டி.வி.எஸ்.' வகை. சிரிக்காதீங்க, நம்ம ஊர் மொபெட் இல்லை. ரப்பரைத் தோல் மேல்பாகத்தோடு சேர்த்து அச்சிலேயே வைத்துச் சுமார் 150 டிகிரியில் நேரடியாக வேகவைக்கிற முறைக்கு ஆங்கிலத்தில் அப்படிச் சுருக்கம். தனிப் பசை இல்லை, தையல் இல்லை, பிரிவதற்கு இடமில்லை. கான்பூரில் உள்ள அரசுத் தொழிற்சாலையில் நெடுங்காலமாகச் செய்கிறார்கள். 2021-ல் ஆயுதத் தொழிற்சாலை வாரியத்தைப் பிரித்தபோது அதுவும் நம் ஆவடி உடைத் தொழிற்சாலையும் ஒரே நிறுவனத்தின் கீழ் வந்தன. உருகாது, நெடுநாள் வரும். ஆனால் கனம். கனத்துக்கு என்ன விலை என்று முன்பே சொன்னேன்.

கனம் குறைய வேண்டுமென்றால் பாலியூரித்தேன் நுரை இருக்கிறது. காற்றுக் குமிழி நிறைந்தது, சூட்டைக் கடத்தாது, பஞ்சு மாதிரி. ஆனால் அதில் பாலியெஸ்டர் வகைக்கு ஈரக்காற்று ஆகாது. கல்யாணத்துக்கு வாங்கி மூன்று நாலு வருஷம் பெட்டியிலேயே வைத்திருந்த ஷூவை எடுத்து மாட்டினதும் அடிப்பாகம் கேக் மாதிரி உதிர்ந்த அனுபவம் சென்னைவாசிகளில் பல பேருக்கு உண்டு. கடைக்காரரைத் திட்டியிருப்பீர்கள். அவர் ஏமாற்றவில்லை, நம் ஊர்க் காற்றில் இருக்கிற தண்ணீர் அந்தப் பொருளின் சங்கிலியை உள்ளேயே அறுத்துவிடுகிறது. பாலைவனத்தின் உலர்ந்த காற்றில் அந்த பூட்ஸ் நன்றாகவே இருக்கும். ஆனால் பூட்ஸ் நேராகப் பாலைவனத்துக்கா போகிறது? ஏதோ ஒரு கடலோர ஊர் கிடங்கில் நாலு மழைக்காலம் தூங்கிவிட்டுத்தான் போகும். விலைப்புள்ளி கேட்கிற தாளில் 'கிடங்கில் எத்தனை மாதம், எவ்வளவு ஈரப்பதம்' என்று ஒரு வரி சேர்த்தால் செய்கிறவன் பாலியெதர் வகைக்குப் போவான், அது தண்ணீரைத் தாங்கும். விலை கொஞ்சம் கூடும். வரி இல்லாவிட்டால் குறைந்த விலைக்காரனுக்குத்தான் ஆர்டர். நானும் குறைந்த விலைக்குப் போட்டி போடுகிற தொழிலில்தான் இருக்கிறேன், அதனால் இதை உறுதியாகச் சொல்ல முடிகிறது.

கடைசியாகக் கால். இவ்வளவு பேசியும் காலை மறந்துவிட்டோம் பாருங்கள். இதே கே.கே. நகரில் அரசு மறுவாழ்வு மருத்துவ நிலையம் இருக்கிறது. செயற்கைக் காலும் கால் தாங்கியும் செய்து தருகிற இடம். அங்கே வருகிற ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக அளவெடுத்துச் செய்வார்கள். ராணுவத்தில் அது நடக்கிற காரியமில்லை, எட்டாம் நம்பர், ஒன்பதாம் நம்பர் என்றுதான் கொடுக்க முடியும். அந்த நம்பர் யாருடைய கால்? நாம் இத்தனை நாள் பின்பற்றியது ஆங்கிலேயர் அளவு. அடையாறில் இருக்கும் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம், 1948-ல் தொடங்கியது, நாயுடம்மா இயக்குநராக இருந்து பேர் வாங்கிக்கொடுத்தாரே, அதுதான், நாடு முழுக்க ஒரு லட்சம் பேருக்கு மேல் முப்பரிமாணக் கருவியால் காலை அளந்தது. நம்மவர் கால் பொதுவாக அகலம் அதிகம் என்று தெரிய வந்தது. இந்திய அளவுக்கு 'பா' என்று பெயர் வைத்துப் பரிந்துரை செய்திருப்பதாக 2024-ல் செய்தி வந்தது. அகலம் போதாத பூட்ஸில் நம் ஆள் என்ன செய்வான்? ஒரு நம்பர் கூட வாங்குவான். அகலம் சரியாகும், நீளம் அதிகமாகும், குதிகால் தூக்கித் தூக்கி அடிக்கும், அந்த இடைவெளியில் மணல் புகும். சுபேதார் சார் அரை அளவு பெரிதாக வாங்கச் சொன்னதில் கால் வீக்கம் பாதிக் காரணம், மீதி இந்த அகலம்தான் என்பது என் ஊகம். அவர் ஒத்துக்கொள்ள மாட்டார்.

இறுதியாண்டு ப்ராஜெக்ட்டுக்கு எதை எடுப்பது என்று கேட்கும் தம்பி தங்கைகளுக்கு ஒன்று சொல்கிறேன். ஒரு தட்டில் மணலைப் பரப்பி அடியில் ஹீட்டர் வைத்து 70 டிகிரிக்குக் கொண்டுவாருங்கள். பூட்ஸுக்குள் நாலு இடத்தில் தெர்மோகப்பிள் வையுங்கள். உள்ளே 40 டிகிரி ஏற எத்தனை நிமிஷம் என்று குறியுங்கள். ஐந்தாயிரம் ரூபாய்க்குள் முடியும். ஆணி அடித்த பழைய பூட்ஸ், டி.வி.எஸ்., நுரை அடிப்பாகம், ஒரு சப்பல் என்று நாலையும் வைத்துப் பார்த்தால் நல்ல அட்டவணை கிடைக்கும். அதன் பிறகு மணலில் நடந்து பார்க்க தேரிக்காட்டுக்குப் போக வேண்டும், மே மாதத்தில். அதற்கு யார் வருகிறீர்கள் என்று இப்போதே கை தூக்கினால் பயணச் செலவைச் சங்கம் ஏற்குமா என்று பொருளாளர் அண்ணனிடம் கேட்டுச் சொல்கிறேன்.

வெளியே வரவேற்பு மேசைக்குப் பக்கத்தில் மூன்று பூட்ஸைக் குறுக்காக வெட்டி வைத்திருக்கிறேன். உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கலாம், தொடலாம். ஓரத்தில் இருக்கிற பழுப்பு நிறத்தை மட்டும் தூக்காதீர்கள், அது அந்தப் பாலியெஸ்டர் வகை, கையோடு வந்துவிடும்.